லூர்துவின் கிணற்றில் நான்கு மாதம்

அன்பு லூர்து,

உன் கிணற்றில் கயிறு இறக்கும் வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது. நீ கண்ணை மூடியதும் உன் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போய்விட்டார். கோடை முழுவதும் உன் கிணற்றை யாரும் அளக்கவில்லை. திரும்பி வந்ததும் உன் நோட்டை என்னிடம் கொடுத்தார்.

மற்றதெல்லாம் நீ வகுத்தபடியே நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, எடமலைப்பட்டி புதூரில் நம் தெருவில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன், ஆறு வீட்டுக் கிணறுகளிலும் தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று அளந்து, மளிகைக்கடைச் சுவர்ப் பலகையில் எழுதிவிட்டுத்தான் காபி.

நான் இதில் அரை மனசாகத்தான் இருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். இவர் கூட்டி எழுதுகிறார், அவர் மோட்டார் போட்டுவிட்டு அளக்கிறார் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் உன்னிடம் சொல்வேன். "ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற ஸ்ரீரங்கத்துல பொறந்துட்டு, எங்கள வந்து போலீஸ் மாதிரி விசாரிக்கிறியாடி?" என்பாய். உன் எண்களை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை.

துபாயிலிருந்து திரும்பிய ரஹமத் பாய், மகளுக்காக மாடி கட்டி, ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று நம் கூட்டத்தில் கேட்டது ஜனவரியில். நீ நோயில் படுத்திருந்தாய். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் புது போர் கூடாது என்பது நம் ஒப்பந்தம். இறங்குகிறது என்றது உன் நோட்டு. மற்ற ஐந்து வீட்டிலும் ஏறியிருக்கிறது என்றார்கள். மழையைப் பார்த்ததும் அளக்காமலே ஏற்றி எழுதியிருப்பார்கள், லூர்து எழுதியதுதான் சரி என்று அடித்துப் பேசியது நான். பாய் மறுபேச்சு இல்லாமல் எழுந்து போனார். கிணறு இல்லாத அவர் வீட்டுக்குக் கோடை முழுவதும் லாரித் தண்ணீர்தான்.

போன ஞாயிறு உன் கிணற்றை முதல்முறையாக அளந்தேன். கோடை கழிந்தும் இருபத்தொன்பது அடி. நீ ஜனவரியில் எழுதியது முப்பத்துநான்கு; கோடையில் அது இன்னும் கீழே அல்லவா போயிருக்க வேண்டும்? கயிற்றில்தான் கோளாறு என்று மறுபடி இறக்கினேன். மதில் ஓரமாக நின்றிருந்த பாய் மெதுவாகச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மௌத்தானவங்களப் பத்திப் பேசக்கூடாது. ஆனா மாசாமாசம் கரெக்டா ஒரு அடி இறங்குறதுக்கு அது கிணறா, லிஃப்டா?"

"உங்களுக்குப் போர் வேணும். அதான் இப்படிப் பேசுறீங்க."

"வேணும்தான். அதுக்காகக் கேள்வி கேக்கக்கூடாதா?"

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. கோரையாறு கரை தொட்டு ஓடிய நவம்பரிலும் ஒரு அடி இறக்கம். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் பார்த்த கணமே பிடித்திருப்பேன்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். "கடைசி நாலு மாசம் யாருண்ணே அளந்தா?"

"யாரும் அளக்கலம்மா. கட்டில விட்டே எந்திரிக்க முடியல, எங்க கயிறு இறக்குறது? நான் பாக்குறேன்னேன். உங்களுக்குப் பாக்கத் தெரியாதுன்னுட்டா."

"காலியா விட்டிருக்கலாமே?"

"நானும் அதத்தான் சொன்னேன். காலியா விட்டா மல்லிகா மொத்தத்தையும் பொய்யின்னுருவான்னு சொன்னா."

என் வாய்க்கா பயந்தாய், லூர்து? அல்லது உன்னைக் காப்பாற்ற அண்ணன் சொல்லும் சமாதானமா இது? அதையும் சந்தேகிக்கிறேன், மன்னித்துக்கொள். இன்னொன்று. எண்ணைக் கற்பனையில் எழுதுகிறவள் ஏற்றியும் எழுதலாமே, ஏன் இறக்கியே எழுதினாய்? பாயின் வீடு எழும்புவதை உன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தாய்?

இதை வெளியில் சொன்னால் ஒப்பந்தம் நிற்குமா என்று தெரியவில்லை. லூர்துவே பொய்யாக எழுதியிருக்கிறாள், நமக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு என்று ஆளுக்கொரு போர் போட்டால், அடுத்த கோடையில் ஆறு கிணறும் வற்றிவிடும். ஸ்ரீரங்கத்தில் என் தம்பியின் தெருக்காரர்கள் வேறு, தாங்களும் இப்படித் தொடங்கப்போவதாகச் சொல்லி உன் நோட்டைப் பார்க்க வருகிறார்கள். சொல்லாமல் விட்டால் நஷ்டம் ஒருவருக்குத்தான். அவரும் கூட்டத்தில் எதிர்த்துக் கேட்காதவர். எவ்வளவு வசதியான ஆள் பார்.

நாளைக் காலை பாய் வீட்டுக்கு முதலில் போகிறேன். பிறகு பலகை முன்னால், ஐந்து வீட்டாரிடமும். உன் நான்கு எண்களைக் கிழிக்க மாட்டேன். கோடு போட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதி, என் பெயரைப் போடுவேன். ஒழுங்காக அளந்தவர்களைப் பொய்யர்கள் என்று சொன்னவள் நான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதற்குப் பிறகும் யார் கயிற்றோடு வருவார்களோ, அவர்களோடு அளப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைகளுக்கு இன்னும் சித்தியாக இருக்கிற,
மல்லிகா