ஒரு சரை குங்குமம்

அன்புள்ள அம்மா,

இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோவிலை நான் சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி?

போன ஞாயிறு லைப்ரரி வாசிப்புக் கூட்டத்திலை ஒரு துனிசியாப் பெண் எழுதின நாவலைப் பற்றிக் கதைச்சம். அதிலை வாற விதவை முக்காட்டோடையே வேலைக்குப் போறாள், ஊர் ஏசினாலும் கண்ணுக்கு மை பூசுறாள். முக்காட்டைக் கழட்டினால்தான் இந்தக் காலத்துப் பெண் எண்டு அங்கை வந்திருந்த, நான் வேலை செய்யிற வீட்டுக்காரி சிஞ்ஞோரா சொன்னா. எதை வைக்கிறது, எதை விடுறது எண்டு அவளெல்லோ சொல்லவேணும் எண்டு எழும்பிச் சொல்லிப்போட்டன். வேலை போகேல்லை, பயப்பிடாதேங்கோ.

கடதாசியிலை சுத்தி ஒரு சரை குங்குமம் அனுப்பிவிடுங்கோ. இஞ்சை பல்லறோ சந்தையிலையும் விக்கிறாங்கள். ஆனால் என்ரை மனுசன் செத்த அண்டு என்ரை பொட்டை அழிச்ச உங்கடை கையாலைதான் அது வரவேணும். அதை வைச்சுக்கொண்டுதான் தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வந்து இறங்குவன்.

பஸ் வருகுது. தங்கச்சிக்கு ஆராத்தி எடுக்க வேறை ஆள் பாக்க வேண்டாம், நான் எடுப்பன்.

சாம்பவி