பிளக்ஸில் உன் அப்பா

கோயமுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் மனோஜ்குமாருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மெல்பர்னில் நீயும் மோகனப்பிரியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை, முட்டிவலிக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், படி ஏற முடிகிறது. மோகனப்பிரியாவின் அம்மா புதன்கிழமை வந்திருந்தார், அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது என்று சொன்னார், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பத்து நாளாக நீ போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுசும் படி.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்றரை வயசு. சோமனூர்த் துணி ஏற்றும் டெம்போ ஓட்டியவர், லோடு இறக்க டவுனுக்குப் போன சனிக்கிழமை குண்டு வெடித்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் கலவரத்தில் உன் ஜன்னத் அத்தையின் தம்பி யூனுஸைக் கொன்றிருந்தார்கள். அவருடைய பெண்டாட்டி இஸ்மத்துக்கு அப்போது இருபது வயசு, கையில் ஒன்று வயிற்றில் ஒன்று. நான் தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தபோது உன்னை யாரிடம் விடுவது என்று தெரியாமல் நின்றேன், இரண்டு தெரு தள்ளி இருந்த ஜன்னத்துதான், "பையனை இங்க உட்டுட்டுப் போங்க, எங்க ஊட்டுல ரெண்டு இருக்குது, இவனோட மூணு" என்றாள். நீ முதன்முதலில் அத்தை என்று கூப்பிட்டது அவளைத்தான். அப்படித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம், இரண்டு பக்கமும் பறிகொடுத்த பொம்பளைகள், இப்போது பதினொரு பேர். வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம். கட்சி இல்லை, கொடி இல்லை, மைக் இல்லை. செத்தவர்கள் பெயரை வயசு வரிசையில் வாசிப்போம், சின்னவர் முதலில். யூனுஸ் இருபத்து நாலு, உன் அப்பா முப்பத்தொன்று. வாசித்துவிட்டுச் சாப்பிட்டுக் கலைவோம், அவ்வளவுதான். இதெல்லாம் உனக்குத் தெரியும், எட்டாவது படிக்கும்வரை நீயும் என்னோடு வந்திருக்கிறாய்.

இந்த வருஷம் எல்லோருடைய போட்டோவையும் ஒரே சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்தோம். உன் அப்பா போட்டோவில் காதோரம் பூச்சி அரித்திருந்தது, உன்னிடம் அனுப்பினேன், நீ காதைச் சரிசெய்து சட்டையை வெள்ளையாக்கி அனுப்பினாய். பார்த்துவிட்டு நான் உனக்கு எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று நினைத்துப் பார்.

அன்று காலை நானும் ஜன்னத்தும் இஸ்மத்தும் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் கூடும் ஹாலுக்கு நடந்தோம். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். தலைவர்கள் படத்துக்கு நடுவே உன் அப்பா, அதே வெள்ளைச் சட்டை, அதே சரியான காது. கீழே, "இவரைக் கொன்ற கூட்டத்தை ஊரை விட்டே விரட்டுவோம்" என்று சிவப்பு எழுத்து. முதலில் பார்த்தது இஸ்மத். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அங்கே நின்றவர்களிடம் போய், யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அதில் ஒருத்தர் பணிவாகத்தான் சொன்னார், "ஏனுங்க அக்கா, கோவிச்சுக்காதீங்க, உங்க பையனே அனுப்பி வெச்சாருங்க, கதிர்வேல் அண்ணன் போன்ல காமிச்சாருங்க" என்று. அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன் கண்ணு.

எதிர்த் தையல் கடையில் கத்தரி வாங்கிவந்து உன் அப்பா முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். "என்ற மனுசன் முகம், என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா" என்றேன், யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இஸ்மத் இல்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னத் ஹாலுக்குள் வந்தாள், ஆனால் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். யூனுஸ் பெயரை வாசிக்க யாரும் எழவில்லை. நான் வாசிக்கலாமா என்று அவளைப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை வாசிக்காமல் கலைந்தோம்.

உன் கதிர்வேல் மாமாவிடம் கேட்டால், "செத்தவரு உனக்கு மட்டும் சொந்தமா அம்மணி, ஊருக்கே சொந்தம்" என்கிறான். கட்சிக்காரன், கூடப் பிறந்தவனே ஆனாலும் அவன் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டபோது, மாமா அஞ்சலி பேனர் என்றுதான் கேட்டார், அப்பாவுக்கு ஏதாவது செய்யணும்னு தோன்றியது என்றாய். படம் கேட்டபோது மாமா அனுப்பிய மாதிரியில் அந்த வரியைப் படித்தாயா என்று கேட்டேன். நீ முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். படித்துவிட்டுத்தான் அனுப்பினாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரி யாரை விரட்டச் சொல்கிறது தெரியுமா, உனக்குச் சோறு ஊட்டிய கையை.

இஸ்மத் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். கதவைத் திறந்தாள், டீ கொடுத்தாள். இரண்டாவது தடவைதான் வாய் திறந்து, "உங்களைச் சொல்லலைங்க அக்கா. ஆனா அந்தத் தெரு வழியாத்தான் என் பசங்க வேலைக்குப் போறானுங்க" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அடுத்த வருஷம் உட்காருவோமா என்றே யாரும் பேசவில்லை.

நீ இஸ்மத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். போனில் தட்டி அனுப்பாதே, கையால் எழுது. மாமா கேட்டார் என்றெல்லாம் எழுதாதே, படித்துத்தான் அனுப்பினேன் என்று எழுது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம். ஜன்னத் அத்தைக்குத் தனியாக எழுது, அவள் கேட்கவே மாட்டாள், அதனால்தான் சொல்கிறேன். இனி நீ போன் செய்தால் எடுப்பேன், ஆனால் பழைய மாதிரி பேச வராது, அதற்கு என்னைக் குறை சொல்லாதே.

மோகனப்பிரியாவைப் பளு தூக்க விடாதே, ஸ்கேன் எடுத்ததும் எனக்குச் சொல்லச் சொல். பிறக்கிற பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இஸ்மத் வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பா. செவ்வந்தி