நிறைகிண்ணம் சிந்திய செய்தி

உப்பங்கழிகள் சூழ்ந்த வெண்டுறை நாட்டில் புதிய பாட்டுகளைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இசைத்தேர்வர், அரசி நெடுஞ்சுடர்தேவியாரின் செவி என்று விருது பெற்ற ஆதன் நல்லூரனார், துறைக்கோட்டைத் தலைவர் மூவன் கோதையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் பாய்மரங்கள் பெருகுக. தங்கள் வாளுக்கு இன்று வேலை இல்லாதிருக்க.

கயிறு திரிப்போர் கொட்டகையில் பாடும் குமிழி என்பவளின் கூட்டத்தார் நால்வரையும் பொழுது சாயும்போது எல்லைக்கு அப்பால் துரத்துக, அவர்தம் யாழ் நரம்புகளை அறுத்தெறிக என்று காலையில் இதே கை எழுதிய ஓலையைத் தாங்கள் உடனே தீயிலிடுக. காரணம் அறிந்தால் திகைப்பீர்கள். தேர்வரே இன்னும் திகைப்பிலிருந்து மீளவில்லை.

புதிய பாட்டைக் கேட்கும் தேர்வர் விளிம்புவரை நீர் நிறைத்த கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி நிற்பதும், ஒரு துளி சிந்தினாலும் அப்பாட்டை நாடு ஏற்றதாகக் கொள்வதும் நம் வழக்கம். அரண்மனைப் பெரும்பாணர் முன்னும் நல்லூரனாரின் கிண்ணம் சிந்தியதில்லை. கொட்டகைக்கு அவர் வந்தது கேட்பதற்கன்று, சடங்கை முடித்துவிட்டுப் போவதற்கே. அவரைக் கண்ட குமிழி, விளிம்புவரை ஊத்தாதீங்க ஐயா, பட்டு நனைஞ்சிடும் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தத் துடுக்கையும் அவர்கள்மேல் ஏற்கெனவே சாட்டிய குற்றங்களோடு சேர்த்து எழுதுமாறு அவர் எழுத்தர் பூதனாரிடம் பணித்தார்.

'ஈரமணல்' என்பது அவர்களுடைய பாடல் கோவையின் பெயர். ஒவ்வொரு பாட்டும் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எடுத்த எடுப்பிலேயே யாழ்கள் கூரையில் கல்மழை விழுந்தாற்போல் அதிர்கின்றன. அவ்வதிர்வின் மேல் மூன்று குரல்கள் ஒன்றன் தோளை ஒன்று பற்றி ஏறுகின்றன. ஓடம் போய்விட்டது, அவளும் அதில் போய்விட்டாள் என்னும் துயரத்தைத் திருவிழாவுக்குப் புறப்பட்டவர்கள் போலப் பாடுகிறார்கள். முதற்பாட்டில் அதைப் பிழை என்று எண்ணினார் தேர்வர். இரண்டாம் பாட்டில் அந்தப் பிழையையே எதிர்பார்த்துக் காத்திருந்தார். மூன்றாம் பாட்டில் எல்லாம் சட்டென நின்று, ஒரு மூச்சளவு அமைதிக்குப் பின் மறுபடி ஒன்றாய்ப் பாய்ந்தபோது, அவருடைய முழங்கை வரை நனைந்துவிட்டது.

கிண்ணத்தில் விரிசல் என்று கருதி வேறொன்று கொணரச் செய்து, அப்பாட்டையே மறுபடி பாடச் சொன்னார். அதுவும் சிந்தியது. இன்னொன்று கேட்டபோது பூதனார், கிண்ணங்கள் நல்லவையே, ஒழுகுவது தாங்கள்தான் என்று பணிவோடு தெரிவித்தார்.

நல்லூரனார் கயிற்றுக் குவியலின் மேல் அமர்ந்துவிட்டார். தம் கை அசையாதிருந்தது செவியின் கூர்மையால் என்றல்லவா அவர் இதுகாறும் நம்பியிருந்தார்! தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுக் கேட்க வருபவர் கையில் நீர் எவ்வாறு தளும்பும்? பின்பு, கோவையை முதலிலிருந்து பாடுமாறு வேண்டிக்கொண்டார். கிண்ணத்தைக் கீழே வச்சிடுங்க ஐயா, கை தட்டணும்ல என்றாள் குமிழி.

ஆகவே நம் வழக்கத்தின் பெயரால் கட்டளையிடப்படுவதாவது: தங்கள் வீரர் வாளை உறையிலிட்டு மீள்க. இந்நால்வரின் நரம்பை எந்த இரும்பும் தீண்டலாகாது. தாங்களும் கேட்க விரும்பினால், வாளையும் முன்முடிவையும் வாயிலில் விட்டு வருக.

முத்திரை கோணலாய் விழுந்திருப்பது கண்டு இவ்வோலையைப் போலி என ஐயுற வேண்டாம். அரக்கு உருகும்போதே நான்காம் பாட்டு தொடங்கிவிட்டது. தேர்வரின் கை தாளத்தை நிறுத்த மறுத்துவிட்டது.