இருங்கோ

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோ குறைந்ததா? சிலாவத்துறையில் மழை பெய்ததா?

கோலாலம்பூர்த் தளபாடக் கண்காட்சியில் பயிற்சி மாணவியாக நிற்கிறேன். நேற்றுச் சென்னை வியாபாரி ஒருவர் வந்தார். "இருங்கோ ஐயா" என்றேன். நாங்கள் உட்காரச் சொல்வது அவர்களுக்குப் பொறுத்திருக்கச் சொல்வதாம். மனிதர் நின்றுகொண்டே இருந்தார். முதலாளி என்னை ஏசினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மண்டபம் நிறையச் சோபாக்கள், கதிரைகள். பயிற்சிக்கு வந்தவர்கள் அவற்றில் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நவ்ஷாத் நானா இங்கே வரும்போது அவரிடம் என் பழைய செருப்பைக் கொடுத்துவிடுங்கோ. கால் வீங்கவில்லை, யோசிக்காதீங்கோ.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். உம்மா, இது கிடைத்த பிறகு நான் போனில் கோல் எடுத்ததும், சுகம் கேட்க முதல், "இரு மகள்" என்று ஒருக்காச் சொல்லுங்கோ.

உங்கள்
இர்ஷானா