அந்தப் பையில் கை வைக்காதீங்க

கோபம் வந்தால் வீட்டுத் துணியையெல்லாம் துவைத்துத் தள்ளுவான் கமலநாதன். அதற்குப் பயந்துதான், மலேசியாவின் மாசாய் ஊரில் காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பிய அவன் மனைவி ரூபினி அவனுக்குச் சீட்டு எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினாள். முந்தாநாள் ஒருவன் பலாத்காரம் செய்த அவள் தங்கை பிரவீனா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பேப்பர்ப் பையில இருக்கற பிரவீனா உடுப்பைத் துவைச்சிடாதீங்க. போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணா அது வேணும். பண்றதும் பண்ணாததும் அவ இஷ்டம். 'இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாம்'னு நேத்து மாதிரி கத்தாதீங்க. ஒருத்தன் அவளைக் கேக்காம இழுத்தது போதும் லா. நீங்களும் இழுக்காதீங்க. அவளே கேட்டா கூட்டிட்டுப் போங்க, கார் சாவி டிவி பக்கத்துல.

மாவு இருக்கு. அவ சாப்பிட மாட்டா, விட்டுடுங்க."

அடியில் நெருக்கி எழுதினாள்: "ராத்திரி அவ கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருந்தீங்க. பார்த்தேன்."

மாலை அவள் திரும்பியபோது கொடி நிறையத் துணி காய்ந்தது. சீட்டின் ஓரத்தில் பிரவீனாவின் கையெழுத்து இருந்தது.

"அக்கா, ரிப்போர்ட் பண்றதா வேணாமான்னு இன்னும் தெரியல. பையை என் அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். அத்தான் ஒரு வார்த்தை கேக்கல, தோசைதான் சுட்டாரு. மூணு சாப்பிட்டேன்."