கையெழுத்துப் போடாத பதினொரு பேர்

2 மே 2025

நேற்றுக் கிராமசபையில் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, என் வாயை உடைத்தார்கள். செய்தவன் மாதவராஜ். முப்பத்தொரு வருஷமாகப் புளி தட்டிப் பிழைத்து நான் வாடகை கொடுக்கும் லைன் வீட்டுக்குச் சொந்தக்காரன். லைனின் பின்சுவரை ஒட்டிய நிலத்தைப் பழைய பேட்டரி உருக்கும் கம்பெனிக்கு விற்றவனும் அவன்தான். ஷெட் எழும்பிவிட்டது. உலை மூட்ட ஊரின் தீர்மானம் வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல லைனிலிருந்து பதினொரு பேர் போனோம்.

வாசலிலேயே நோட்டை நீட்டினார்கள். இந்த ஊரில் அப்படித்தான்: போனதும் கையெழுத்து, அப்புறம் டீ, பேச்சு கடைசியில். மேலே தாள் வெறுமையாக இருக்கும், யாரும் கேட்பதில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

“ஏ ஆயா, நீங்கல்லாம் வாடகைக்கு வந்தவங்க. சட்டி பானையக் கட்டுனா நாளைக்கே போயிருவீங்க. உங்களுக்கு என்னா கையெழுத்து?” என்றான் மாதவராஜ்.

“ஓட்டுக் கேக்க வர்றப்ப வாடகை வூடுன்னு தெரியலையா?” என்றேன்.

பிடுங்கினான். தள்ளினான். பெஞ்சு முனையில் போய் விழுந்தேன். முன்பல் ஒன்று கையோடு வந்தது. சொந்த வீடு உள்ள தெருக்காரர் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலு கறவை மாடு வைத்திருக்கும் தீர்த்தன் சிரித்தான். “உடு ஆத்தா, புளியச் சப்பறதுக்குப் பல்லு எதுக்கு?”

பல்லைக் காகிதத்தில் மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

3 மே

வாய் வீங்கிக் கிடக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த ஊராட்சிச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். புளி மூட்டைகளின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகும். ஆகட்டுமே. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராமசபை உறுப்பினர். சொந்த வீடு வேண்டும் என்று எங்கே இருக்கிறது? நாலு முறை படித்தேன். எங்கேயும் இல்லை.

19 மே

கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். லைனின் ஆறு வீட்டுக்கும். மூன்று ஆட்கள், கடப்பாரை. மாதவராஜ் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. “என் வூடு, என் கதவு. ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன். யாரு கேக்கறது?”

பக்கத்து வீட்டு சுமலதா, சித்தேரி மலையிலிருந்து பிழைக்க இறங்கி வந்தவள், வயிற்றில் ஐந்து மாசம் – நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். புளி தட்டும் சுத்தியல் என் கையில் இருந்தது. அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இன்னொன்றும் போட்டேன்.

இரண்டாவது அடி வேண்டியதில்லை என்கிறாள் சுமலதா. இருக்கலாம்.

20 மே

‘காசியம்மாள், வயது 67, புளித் தொழிலாளி’ – என் மேல் கேஸ். கதவுக்குக் கேஸ் கிடையாதாம், அது சொந்தக்காரர் கதவாம். புளிச்சாக்கைக் கிழித்து வாசலில் கட்டியிருக்கிறோம். நாய் நுழைகிறது.

24 மே

உலை மூட்டிவிட்டார்கள். வாயெல்லாம் இரும்பு ருசி.

2 ஜூலை

சுமலதாவின் ரத்தத்தில் ஈயம். “புள்ளைக்கும் போவுமாங்க?” என்று கேட்டாள். டாக்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்விடலாம் என்று அவள் புருஷன் சொல்கிறான். எங்கே போவது? அங்கேயும் வாடகை வீடுதானே? நான் போகமாட்டேன்.

20 ஜூலை

ஆடிக் காற்று. புகை எங்களை விட்டுவிட்டுத் தெருவுக்குத் திரும்பியிருக்கிறது. தீர்த்தனின் நாலு மாடுகளில் சாம்பல் படிந்த சோளத்தட்டைத் தின்ற இரண்டுக்குக் கண் போய்விட்டது. பகல் முழுக்கச் சுவரில் மண்டையை முட்டிக்கொண்டே இருந்தன. கொம்படியில் ரத்தம். சாயங்காலம் நுரை தள்ளி விழுந்தன.

27 ஜூலை

தெருக்காரர்கள் கம்பெனிக் கேட்டை உடைத்தார்கள். உள்ளேயிருந்து கம்பெனி ஆட்கள் இரும்புக் குழாய்களோடு வந்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. தீர்த்தனின் காது பாதி கிழிந்து தொங்கியது.

சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன். தண்ணீர் கொண்டுபோனது சுமலதா. நான் இல்லை.

2 ஆகஸ்ட்

தெருவே திரண்டு ஊராட்சி அதிகாரியிடம் போயிருக்கிறது. அவர் மே மாசத்து நோட்டைத் திறந்து காட்டினாராம். ‘கம்பெனி வரலாம்’ என்ற தீர்மானம் மேலே. நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து கீழே. “நீங்களே சம்மதம்னு போட்டுட்டு, நீங்களே கேட்ட ஒடைப்பீங்களா?”

வெற்றுத் தாளில் போட்டவை. எங்களைத் தள்ளிவிட்டுப் போட்டவை.

5 ஆகஸ்ட்

தீர்த்தன் வந்தான். தட்டுவதற்குக் கதவு இல்லை. காதில் கட்டோடு சாக்குக்கு வெளியே நின்று இருமினான்.

“ஆத்தா, நீங்க பதினொரு பேருதான் கையெழுத்துப் போடல.”

“போடலையா? போட உட்டீங்களாடா?”

“தப்புதாங்க. நீங்க முன்னால நின்னு சொன்னீங்கன்னா ஊரே பின்னால நிக்கும்.”

நோட்டைத் திறந்து பல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். “இத மொதல்ல முழுங்கு. அப்புறம் பேசலாம்.”

அவன் விழுங்கவில்லை. கீழேயும் போடவில்லை. கையை மூடாமல் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில், உட்கார் என்றேன்.

14 ஆகஸ்ட்

நாளைக்குக் கிராமசபை. செய்ய வேண்டியவை:

தீர்த்தன் – வாசலில் நிற்க வேண்டும். உலை வேண்டாம் என்ற தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்து முடிக்கும்வரை ஒருவனையும் நோட்டைத் தொட விடக்கூடாது. டீ கொடுத்தாலும்.

தெருக்காரர்கள் – வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

சுமலதா – எட்டு மாசம். நாற்காலி போடச் சொல்ல வேண்டும். டாக்டர் காகிதத்தை அவளே வாசிக்க வேண்டும்.

அதிகாரி – எங்கள் பதினொரு பேரையும் ‘உறுப்பினர்’ என்று எழுத வேண்டும். ‘வாடகைதாரர்’ என்று எழுதினால் அடித்துத் திருத்த வேண்டும்.

மாதவராஜ் – ஐந்து கதவுகளைத் தெருக்காரர்களே அவன் களத்திலிருந்து தூக்கிவந்து மாட்டிவிட்டார்கள். என் கதவை மட்டும் மாட்ட வேண்டாம் என்றுவிட்டேன். அதை அவன் கையாலேயே மாட்ட வேண்டும். அதுவரை சாக்கு போதும்.

நான் – முதல் கையெழுத்து. சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், சுமலதாவுக்குச் சொல்லியிருக்கிறேன். பேனா இரண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று இருக்கும்.