மெதுவாக விழுகிறவர்கள்

சான் ஹோசே
3 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரியா,

ஆபீஸ் மெயிலில் எழுதினால் டீம் முழுக்கப் படிக்கும். அதனால்தான் பேனா பிடித்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நம் கைப்பட்டையை வெளியிட விஜயதசமி நாளைக் குறித்தாயிற்று. தனியாக இருக்கும் பெரியவர்கள் விழுந்தால் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி போக வேண்டும். போகிறது. விழாதபோதும் போகிறதே, அதுதான் தலைவலி! டெக்சாஸ் பேர்லேண்டில் அம்மா கையில் கட்டிப் பார்க்கிறோமே, அவள் சப்பாத்தி தேய்த்தாலே வளையல் இடித்து, விழுந்துவிட்டதாக அலறுகிறது. தம்பி சபரிநாதன் ஒரே வாரத்தில் ஐந்து முறை ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். "இன்னொரு வாட்டி கத்துச்சுன்னா குப்பையில போட்ருவேன்" என்கிறான்.

வளையலைக் கழற்றச் சொல்லலாம். ஆனால் அப்பா போனபோது சொந்தமெல்லாம் சொல்லியும் கழற்றாதவள் அம்மா. என் மெஷினுக்காகக் கழற்று என்று எந்த வாயால் சொல்வேன்? அதனால் அதிர்ச்சியை உணரும் சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டேன். இப்போது சத்தமே இல்லை. பரிசோதனை உன் பொறுப்பு. நீ கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. சீக்கிரம் போடு தாயே.

உன்
அச்சுதன்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
11 செப்டம்பர் 2024

அச்சு,

உன் கோழிக்கிறுக்கலைப் படித்து முடிக்க இரண்டு காபி ஆயிற்று.

எல்லாரும் தொப்பென்று விழுவதில்லைடா. தலை சுற்றினால் பெரியவர்கள் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிவார்கள். நேற்று பேஸ்மென்டில் மெத்தை போட்டு, நீ சென்சிடிவிட்டி குறைத்த பட்டையைக் கட்டிக்கொண்டு இருபது முறை நானே அப்படிச் சரிந்து பார்த்தேன். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று என் பெண் மானஸா பயந்துபோனாள். பட்டை நான்கு முறைதான் கத்தியது. மற்ற பதினாறு முறையும் நான் தரையில் கிடந்தது அதற்குத் தெரியவே இல்லை.

வளையல் இடிப்பது வேறு, விழுவது வேறு என்று அதற்குக் கற்றுக்கொடுக்க முடியும். ஆறு வாரம் கொடு. தீபாவளிக்கு வெளியிடலாமே. ஆன்ட்டியை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

பிரியா

சான் ஹோசே
19 செப்டம்பர் 2024

பிரியா,

முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் ஆர்டர் பண்ணிவிட்டுக் காத்திருக்கின்றன. அம்மா கோயிலில் ஒருத்தர் விடாமல், "எம் புள்ள செஞ்சது, விஜயதசமிக்கு வருது" என்று சொல்லிவைத்திருக்கிறாள். குறித்த நாளைத் தள்ளிப் போட்டால் அவள் மனசு உடைந்துவிடும். இப்போது விடுவோம், அப்டேட்டில் சரிசெய்வோம். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அச்சு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
27 செப்டம்பர் 2024

அச்சு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மனசு ஒப்பவில்லை, உன் முகத்துக்காகப் போட்டேன். தீபாவளிக்குள் அந்த அப்டேட் வந்தாக வேண்டும். ஏமாற்றினால் உன்னோடு பேசவே மாட்டேன்.

பிரியா

பேர்லேண்ட்
2 டிசம்பர் 2024

பிரியா,

அம்மா காரியத்துக்கு அவ்வளவு தூரம் வந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா பாத்ரூம் வாசலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். காலை ஒன்பது மணி வாக்கில் சரிந்திருப்பாளாம். சபரி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்தான். உடனே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு நான் மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 'அம்மா நலம்' என்று பச்சையாகக் காட்டியது. முன்பெல்லாம் மத்தியானம் தவறாமல் கூப்பிடுவேன். பட்டை வந்த பிறகு விட்டுவிட்டேன்.

எல்லாக் குடும்பங்களுக்கும் நானே போன் பண்ணி, பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கம்பெனியை மூடுகிறேன். ஆர்டர் குவிந்த மயக்கத்தில் அப்டேட்டைத் தள்ளிப் போட்டதும் நான்தான். தப்பு என்னுடையது. கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.

ஆனால் 'உன் மேல் கோபம் இல்லை' என்று எழுத நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத வரவில்லை. ஆசை என் கண்ணை மறைத்திருந்தது பிரியா. உனக்குத் தெரிந்திருந்தது. நீ ஏன் என் பேச்சைக் கேட்டாய்?

பதில் போட வேண்டாம்.

அச்சுதன்